சக்கரத்தின் மேல் குடித்தனம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நீங்களும் உங்கள் கணவரும் ஆறு வருடம் ஆர்வியில், அதாவது வீடாகவே அமைந்த வண்டியில், வாழ்ந்ததைப் பற்றி எழுதிய குறிப்புகளை இரண்டு வருடமாகப் படித்து வருகிறேன். நான் நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். அப்போது எனக்கு அறுபத்து மூன்றரை வயது, மனைவிக்கு 59. மகள் சியாட்டிலில், மகன் டாலஸில். நான்கு படுக்கையறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கோடையில் புல் வெட்டுவதும் குளிரில் பனி தள்ளுவதும்தான் வாழ்க்கை என்று ஆகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு, 36 அடி கிளாஸ் ஏ ஆர்வி ஒன்றைப் புதிதாக வாங்கி, முழுநேரமும் அதிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மனைவிக்கும் சம்மதம்தான்.

அந்த வண்டி சரியான தேர்வா? வீட்டை இப்போதே விற்கலாமா? மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன செய்தீர்கள்? நம்முடைய சமையல் அதில் சரிப்படுமா? அம்மா கோவையில் இருக்கிறார், 86 வயது. வருடத்துக்கு இரண்டு மாதம் நாங்கள் அங்கே போய்விடுவோம். அப்போது வண்டியை எங்கே விடுவது? டீலர் இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

சு.

அன்புள்ள சு.,

முன்பணம் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். அந்த வண்டி அடுத்த மாதமும் கிடைக்கும், அதே மாடல் நான்கைந்து வருடம் ஓடியதாக, விலை கணிசமாகக் குறைந்தும் கிடைக்கும்.

உங்கள் கடிதத்தை நானும் என் கணவரும் இரண்டு முறை படித்தோம். வண்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மனைவிக்கு மட்டும் "மனைவிக்கும் சம்மதம்தான்" என்று இரண்டே சொல். குறை சொல்வதற்காக இதை எடுத்துக் காட்டவில்லை. 2016-ல் நாங்கள் கிளம்பும்போது என் கணவர் யாருக்காவது எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார். நானும் அப்போது சம்மதம் என்றுதான் சொன்னேன். எதற்குச் சம்மதம் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் ஐந்து மாதம் நான் வண்டியைத் தொடவே இல்லை. ஓட்டுவது அவர், சமைப்பது நான் என்று வீட்டில் இருந்த ஏற்பாடு அப்படியே சக்கரத்தின் மேல் ஏறிக்கொண்டது. நியூ மெக்சிகோவில் ஒரு ஏரிக்கரை முகாமில் இருந்தபோது இரவு இரண்டு மணிக்கு அவருக்குச் சிறுநீரகக் கல் வலி வந்துவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. பின்னால் இழுத்துவரும் கார் எங்களிடம் கிடையாது. ஓடக்கூடியது எங்களிடம் அந்த வீடு ஒன்றுதான், அதுவோ தண்ணீர்க் குழாயோடும் கரண்ட் கேபிளோடும் கட்டிப்போட்டமாதிரி நிற்கிறது, பக்கவாட்டில் வெளியே தள்ளியிருக்கும் ஸ்லைடை உள்ளே இழுக்க வேண்டும், ஊன்றியிருக்கும் ஜாக்குகளை மேலே ஏற்ற வேண்டும், எந்த பட்டனை முதலில் அழுத்துவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் சுருண்டு கிடந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லப் பார்த்தார். கடைசியில் பக்கத்து வண்டிக் கதவைத் தட்டினேன். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் தன் பிக்கப்பில் எங்களை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். அடுத்த வாரமே ஒரு காலி பார்க்கிங் இடத்தில் நான் ஓட்டப் பழக ஆரம்பித்தேன். எனக்கு அப்போது 60 வயது. இரண்டு மாதம் கழித்து அல்புகர்க்கியிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் வரை ஐ-40 நெடுஞ்சாலையில் நானே ஓட்டிப் போனேன். பெரிய லாரி கடந்து போகும்போது வண்டி ஒரு ஆட்டம் ஆடும், கை பயப்படும், போகப் போகப் பழகிவிடும்.

அதனால் எந்த வண்டி என்ற கேள்விக்கு என் பதில், உங்கள் மனைவி ஓட்டத் தயாராக இருக்கும் வண்டி. 36 அடி கிளாஸ் ஏ என்பது ஒரு பஸ். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு "சரி, இது என்னால் முடியும்" என்றால் வாங்குங்கள். எங்களுடையது 28 அடி கிளாஸ் சி, வேன் முகப்பு வைத்தது. இன்னொரு காரணமும் உண்டு. பல தேசியப் பூங்காக்களின் பழைய முகாம்களில் 36 அடிக்கு இடமே கிடைக்காது. யூட்டாவின் சயான் பூங்காவில் 1930-ல் திறந்த சுரங்கப்பாதை இன்றைய பெரிய வண்டிகளை நினைத்துக் குடைந்தது அல்ல. புல் வெட்டி அலுத்துப்போய் மலையையும் காட்டையும் பார்க்கக் கிளம்புகிறவர்கள், வண்டியின் நீளத்தால் அதையெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

வண்டியை வாங்கப் போகும்போது டீலர் சோபாவையும் டிவியையும் காட்டுவார். நீங்கள் வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். பெரிய வண்டியாயிற்றே, நிறைய ஏற்றலாம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் சிலவற்றில் 1,500 பவுண்டுதான் போட்டிருக்கும். தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்டு, 50 காலன் டேங்க் நிரம்பினால் 415. நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு 310 என்று வையுங்கள். மிச்சம் 775 பவுண்டில்தான் உங்கள் துணிமணி, பாத்திரம், அரிசி மூட்டை, கிரைண்டர், டூல் பெட்டி எல்லாம். வார இறுதிக்கு இது தாராளம். முழுநேரக் குடித்தனத்துக்குப் போதாது, அப்புறம் டயர் வெடிக்கும். பழைய வண்டி வாங்கினால் டயரின் பட்டன் தேயாமல் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், ஆர்வி டயர் பெரும்பாலும் ஓடித் தேய்வதற்கு முன் வயதாகியே கெட்டுப்போகும். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு அச்சிட்டிருக்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3519 என்றால் 2019-ம் வருடம் 35-வது வாரம் செய்தது. கூரையில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று பார்க்க, விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆனால் வாங்குவதற்கு முன் மூன்று வாரம் வாடகைக்கு எடுங்கள். ஜூலையில் வேண்டாம், நவம்பரில் எடுங்கள். சீக்கிரம் இருட்டும், நான்கு நாள் விடாமல் மழை பெய்யும், இருவரும் 200 சதுர அடிக்குள் இருக்க வேண்டியிருக்கும். முப்பது வருடம் பகலெல்லாம் தனித்தனி இடத்தில் இருந்து மாலையில் சந்தித்துக்கொண்டவர்களுக்கு அது புதிய வாழ்க்கை. அந்த மூன்று வாரத்தில் பாதி நாள் உங்கள் மனைவி ஓட்டட்டும், பாதி நாள் நீங்கள் சமையுங்கள், கழிவு டேங்கை இரண்டு பேரும் மாறி மாறிக் காலி செய்யுங்கள். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள், இங்கே மற்றவர்களைவிட அந்த டேங்க் நமக்குச் சீக்கிரம் நிரம்பும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் கழிவுக் குழாயோடு இணைத்திருந்தாலும் அதன் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் ஓடிப்போய்விடும், மற்றது உள்ளேயே தங்கி இறுகிவிடும்.

சமையலைப் பற்றிக் கேட்டீர்கள். முடியும், ஆறு வருடமும் எங்கள் வண்டியில் இட்லி வெந்தது. ஆனால் கரண்ட் கணக்கு கற்றுக்கொள்ள வேண்டும். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது இண்டக்ஷன் அடுப்பைப் போட்டு, கூடவே மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். கிரைண்டர் அதிகம் இழுக்காது, மாவரைக்க ஒரு தொல்லையும் இல்லை. அரிசோனா குளிர்கால இரவில் மாவு பொங்காது, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி டாஷ்போர்டில் வைத்துவிடுவேன், காலை வெயில் பட்டதும் பொங்கிவிடும். கடுகு தாளித்தால் புகை அலாரம் கத்தும். மோர்மிளகாய் வறுப்பதும் மீன் பொரிப்பதும் வெளியே மேசையில்தான், இல்லாவிட்டால் அந்த வாசனை படுக்கைத் துணிவரை ஏறி ஒரு வாரம் தங்கும். கீழே தரையை ஒட்டி இன்னொரு அலாரம் இருக்கும். அது கேஸ் கசிவுக்கு. புரொப்பேன் காற்றைவிட கனமானது, கீழேதான் தேங்கும். அதன்மேல் எதையும் சாய்த்து வைத்து மறைக்காதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டில்தான் எனக்கு உங்கள்மேல் உண்மையான கவலை. ஓய்வு பெற்றபின் கம்பெனிக் காப்பீட்டை கோப்ரா முறையில் நீங்களே முழுத்தொகை கட்டி 18 மாதம் தொடரலாம். அறுபத்து மூன்றரையில் ஓய்வு என்றால் அது சரியாக உங்களை 65-க்கும், அந்த வயதில் கிடைக்கும் அரசுக் காப்பீடான மெடிகேருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். நீங்கள் அந்தக் கணக்குப் போட்டுத்தான் மார்ச்சைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மனைவிக்கு அப்போது அறுபதோ அறுபத்தொன்றோதான் இருக்கும். அவருக்கு மெடிகேர் வர இன்னும் ஏறக்குறைய நான்கு வருடம். இடையில் அரசுக் காப்பீட்டுச் சந்தையில் விற்கும் திட்டம் ஒன்றை வாங்க வேண்டியிருக்கும், அது நீங்கள் எந்த மாநிலத்துக்காரர் என்பதைப் பொறுத்தது, அவற்றில் பல வெளி மாநிலத்தில் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் கொடுக்கும். சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பவராக இருந்தால் இந்த ஒரு விஷயமே நீங்கள் எங்கே சுற்றலாம் என்பதைத் தீர்மானித்துவிடும். உங்களுக்கு மெடிகேர் வரும்போதும், விளம்பரத்தைப் பார்த்து, மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள். அவை பெரும்பாலும் ஒரு வட்டாரத்து மருத்துவர்களோடு கட்டுப்பட்டவை. பழைய மெடிகேர், மெடிகேரை ஏற்கும் டாக்டர் யாரிடமும் நாடு முழுக்கச் செல்லும், அதோடு, மெடிகேர் கொடுத்ததுபோக மிச்சச் செலவுக்கான துணைக் காப்பீடான மெடிகேப் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். டாக்டர் செலவுக்கான மெடிகேர் பகுதியான பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் மெடிகேப் எடுத்தால் உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது. தள்ளிப்போட்டால் பல மாநிலங்களில் மறுப்பார்கள்.

வீட்டை விற்காதீர்கள், இரண்டு வருடத்துக்கு வாடகைக்கு விடுங்கள். விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் நீங்கள் அதில் குடியிருந்திருந்தால், தம்பதியாக 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு மத்திய வரி இல்லை. அதாவது வெளியேறிய பிறகு மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது, வாடகைக்கு விட்ட காலத்தின் தேய்மானத்துக்கு மட்டும் கொஞ்சம் வரி வரும். திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற எண்ணம் எங்களுக்கு இல்லாமல் போனது. நாங்கள் விற்றுவிட்டுத்தான் கிளம்பினோம். 2022-ல் என் கணவரின் முழங்கால் படியேற விடாமல் செய்தபோது, அதே ஊரில் அதே மாதிரி வீடு வாங்க எங்களிடம் இருந்த பணம் போதவில்லை. இப்போது டூசானில் சிறிய வீட்டில் இருக்கிறோம். நன்றாகவே இருக்கிறோம், ஆனாலும் அந்தப் பழைய வீட்டு மாமரம்போல வளர்ந்த மேப்பிளை அவர் அவ்வப்போது நினைத்துக்கொள்வார்.

முகவரி விஷயம் சுருக்கமாக. முழுநேர ஆர்விக்காரர்கள் பலர் டெக்சஸ், சவுத் டகோட்டா, ஃபுளோரிடா என்று மாநில வருமான வரி இல்லாத இடங்களில் தபால் சேவை முகவரி வைத்துக்கொள்கிறார்கள். ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில், 1978-ல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்விக்காரர்கள் சங்கம் இருக்கிறது. எங்கள் தபாலும் அங்கேதான் வந்தது. உடல் தளர்ந்த உறுப்பினர்கள் தங்கள் வண்டியிலேயே குடியிருந்தபடி சாப்பாடும் பகல்நேரக் கவனிப்பும் பெற அங்கே ஒரு மையமும் வைத்திருக்கிறார்கள். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, பியர்லேண்ட் மீனாட்சி கோயிலில் உட்கார்ந்துதான் நாங்கள் இருவரும் வண்டி வாழ்க்கையிலிருந்து எப்போது இறங்குவது என்று முதல்முறையாகப் பேசினோம். கிளம்புவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டிய பேச்சு. காப்பீட்டிலும் முழுநேரக் குடியிருப்புக்கான பாலிசி என்று கேட்டு வாங்குங்கள், விடுமுறைக்கு ஓட்டுகிறவர்களின் பாலிசி உங்களுக்குச் செல்லாது.

கோவைக்குப் போகும் இரண்டு மாதம் வண்டியைத் தெற்கு அரிசோனா போன்ற உலர்ந்த இடத்தில் வாடகை நிறுத்தத்தில் விடுங்கள். தண்ணீர்க் குழாய்களை வடித்துவிட்டு, ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்துவைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். அரிசி, பருப்பு ஒரு மணிகூட உள்ளே இருக்கக் கூடாது, எலி வந்தால் வயரைக் கடித்துவிடும். பெரிய விஷயம் அதுவல்ல. 86 வயது அம்மா. நள்ளிரவில் தம்பியோ தங்கையோ போன் செய்தால் நீங்கள் விமான நிலையத்திலிருந்து எத்தனை மணி நேரத் தொலைவில் இருப்பீர்கள் என்பதை ஒவ்வொரு ஊரிலும் யோசிக்க வேண்டியிருக்கும். என் மாமியார் போனபோது நாங்கள் மொன்டானாவில் இருந்தோம். வண்டியை ஒரு பண்ணைக்காரரின் இடத்தில் நிறுத்திவிட்டு மூன்று விமானம் மாறிப் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. இது என் கணவருக்கு இன்னும் ஆறவில்லை. அம்மா இருக்கும்வரை ஆறு மாதம் ஆர்வி, ஆறு மாதம் வீடு என்று வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள்.

இவ்வளவு சொன்னதால் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அரிசோனாவின் க்வார்ட்ஸைட் பாலைவனத்தில் லா போசா என்ற இடத்தில் அரசு நிலத்தில் தங்க, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மொத்தத்துக்கும் 180 டாலர் கட்டினோம். கரண்ட் கிடையாது, கூரையில் சோலார் தகடுதான். விடியற்காலையில் கதவைத் திறந்தால் சாகுவாரோ கள்ளிகளுக்குப் பின்னால் மலை சிவக்கும், நான் டம்ளர் காபியோடு படியில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஆறு வருடத்தை யார் என்ன கொடுத்தாலும் திருப்பிக் கொடுக்கமாட்டேன். உங்களுக்கு 62 தாண்டிவிட்டது, தேசியப் பூங்காக்களுக்கான முதியோர் அட்டையை இப்போதே 80 டாலருக்கு வாங்கிவிடுங்கள், ஆயுளுக்கும் செல்லும், அரசு முகாம்கள் பலவற்றில் பாதிக் கட்டணம்.

நவம்பரில் அந்த மூன்று வாரம் போய்விட்டு வாருங்கள். வந்ததும் உங்கள் மனைவியை எனக்கு எழுதச் சொல்லுங்கள். சமையல் மேடை அவர் உயரத்துக்குச் சரியாக இருந்ததா, பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் என்ன தெரிந்தது, முகாமில் விளக்கெல்லாம் அணைந்த பிறகு அவருக்குத் தூக்கம் வந்ததா என்று அவரிடமே கேட்க ஆசைப்படுகிறேன். அவருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா