“அதை அக்கா பார்த்துக்கொள்வாள்”

கேள்வி: என் அக்காவுக்கு வரும் ஜனவரியில் 60 வயது நிறைகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளி ஆசிரியையாக இருந்தாள். அம்மாவுக்கு (84) இடுப்பு எலும்பு முறிந்தபின் வேலையை விட்டுவிட்டு, கும்பகோணம் வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். அவளை ஐந்து நாள் வெளிநாடு அழைத்துப் போக ஆசை. செலவு என்னுடையது. பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஒரு ஆள் வைத்தால் போதும், அதை அக்கா பார்த்துக்கொள்வாள். ஆனால் எப்போது பேசினாலும் “பார்க்கலாம்டா” என்கிறாளே தவிர, உற்சாகமே இல்லை. சிங்கப்பூரா, பாலியா? எதைச் சொன்னால் கிளம்புவாள்? (நான் சென்னையில். மனைவியும் வேலைக்குப் போகிறாள். 23 வயது மகன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான்.)

- வாசகர், சென்னை

பதில்: சிங்கப்பூர். கும்பகோணத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம், அங்கிருந்து நேரடி விமானத்தில் நாலு மணி நேரச் சொச்சம். பாலி என்றால் வழியில் இறங்கி மாற வேண்டும். ஊர் விஷயம் இவ்வளவுதான். உங்கள் சிக்கல் ஊரில் இல்லை.

அறுபதாம் கல்யாணம் என்று ஊரைக் கூட்டிச் செய்வதெல்லாம் தம்பதிகளுக்கு. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அறுபது வந்தால் வீட்டில் பாயசம்கூட அவள்தான் வைக்க வேண்டும். அதை மாற்ற நினைத்தீர்களே, நல்லது. பாராட்டு இதோடு முடிந்தது.

“அம்மாவுக்கு ஒரு ஆள் வைத்தால் போதும், அதை அக்கா பார்த்துக்கொள்வாள்.” இந்த வரியை நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பிறந்தநாள் யாருக்கு? விருந்தாளியையே அடுப்பு மூட்டச் சொல்கிறீர்கள். ஆள் தேட வேண்டும், அவளுக்கு எல்லாம் சொல்லித்தர வேண்டும், ஐந்து நாளுக்கும் பயப்பட வேண்டும், ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் குற்றவுணர்வோடு இருக்க வேண்டும். இத்தனையும் அக்கா பங்கு; டிக்கெட் உங்கள் பங்கு. “பார்க்கலாம்டா” என்று அவர் சொல்வது உற்சாகக் குறைவு இல்லை ஐயா, கணக்கு. உங்களுக்குக் கணக்குப் புரியும் வரை காத்திருக்கிறார்.

பெற்றவளைப் பார்ப்பது கல்யாணமாகாத மகளின் வேலை என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. இருவரும் பெற்ற பிள்ளைகள்தான். இந்த ஐந்து நாளுக்கும் அம்மா உங்கள் பொறுப்பு. அக்கா வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஊர் சுற்றுவது மட்டும்தான் அவர் வேலை. “அப்படியானால் என் மனைவியை அனுப்புகிறேன்” என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஒரு பெண்ணை அவிழ்த்துவிட இன்னொரு பெண்ணைக் கட்டிப்போடுவது தீர்வில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகன் இருக்கிறானே. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பாட்டி வீட்டில் உட்காரட்டும். சம்பளத்துக்கு வரும் ஆள் கையும் காலுமாக இருப்பாள். முடிவு எடுக்க வீட்டு மனிதர் ஒருவர் வேண்டும்.

ஆளை நீங்கள் தேடுங்கள். பேசும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: பன்னிரண்டு மணி நேரம் மட்டுமா அல்லது இரவும் தங்குவாரா, சமையல் செய்வாரா (நோயாளியைப் பார்க்க வருபவர்களில் பலர் சமையலைத் தொட மாட்டார்கள், முதல் நாள் மதியம்தான் அது தெரியவரும்), அவருக்கு முடியாமல் போனால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வரும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே அவர் வேலையில் சேர வேண்டும். அந்தப் பத்து நாள் சம்பளத்தைப் பயணச் செலவில் சேருங்கள்.

இடுப்பு முறிந்த அம்மா என்கிறீர்கள். புது ஆள் செய்யும் முதல் தப்பு, கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது. தோள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதலில் கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, பிறகு உட்காரவைக்க வேண்டும். உட்கார்ந்த பின் ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், வயதானவர்கள் விழுவது அந்த நொடியில்தான். பிறகு இடுப்பைத் தாங்கி எழுப்பி, கையில் வாக்கரைக் கொடுக்க வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும், வழியில் மிதியடி கிடக்க வேண்டாம், கழிப்பறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். மாத்திரைகளைப் பெயரோடு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். “மஞ்சள் மாத்திரை” என்று சொல்லிவிட்டு வந்தால், கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுக்கும் அன்று மஞ்சள் வெள்ளையாகிவிடும்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் பயணத்துக்கு முன் இரண்டு சனி, ஞாயிறு நீங்களும் மகனும் கும்பகோணம் போங்கள். அக்காவை வீட்டில் இருக்கவிடக் கூடாது. தோழி வீட்டுக்கோ எங்கேயோ அனுப்பிவிடுங்கள். அவர் அடுத்த அறையில் இருந்தால் அம்மா உங்களைக் கூப்பிட மாட்டார், அவரைத்தான் கூப்பிடுவார். இரவு எத்தனை முறை எழுந்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்து, “பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லிவிட்டேன்.” மறுபடியும் சொல்லிவிட்டீர்கள்! இணையத்தில் விண்ணப்பத்தை நீங்கள் நிரப்புங்கள், கட்டணம் 1,500 ரூபாயைக் கட்டுங்கள், தஞ்சாவூர் சேவா மையத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள். நம்மூர்க்காரர்கள் சறுக்குவது இனிஷியலில். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, அப்பா பெயரை விரித்து எழுத வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். பிறந்த தேதியையும் பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்குச் சான்றிதழில் இருக்கிறது.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம், போவதற்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. ஏஜென்ட் கூலி தனி. போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம்; பணம் கேட்கும் தளம் போலி. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து எதுவும் அக்கா பையில் இருந்தால் முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

இரவு விமானம் என்றால் விடிகாலையில் போய் இறங்குவீர்கள். ஓட்டல் அறை பிற்பகல் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். அறுபது வயதுப் பெண்ணை ஏழு மணி நேரம் ஓட்டல் வரவேற்பறை சோபாவில் உட்காரவைக்காதீர்கள். முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்: ஒரு காலை தாவரவியல் பூங்கா (1859-இல் தொடங்கியது, நுழைவு இலவசம்), ஒரு மாலை சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். மீதியை அக்காவே சொல்லட்டும். கொஞ்சம் சிங்கப்பூர் டாலரை முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு காபிக்குக்கூட உங்களைக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

இன்னொன்று, தொலைபேசி. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தினம் நம்மூர் மாலை ஆறு மணிக்கு அம்மாவோடு ஒரு முறை பேசட்டும், அது போதும். மாத்திரை எங்கே, சாவி எங்கே, ஆள் வரவில்லை என்பதற்கெல்லாம் மகன் அழைக்க வேண்டியது உங்கள் எண்ணை. அதற்கு ரோமிங் உங்கள் போனில் போடுங்கள். அக்கா போனில் போடாதீர்கள்.