சின்ன கிளினிக்குக்கு சுவாசக் கருவி நாமளே செய்யலாமா? கேட்டீங்க, சொல்றேன்

சுவாசக் கருவி டிசைன், சர்வீஸ் ரெண்டும் பாக்குற பயோமெடிக்கல் ஆளு நான். கேளுங்க.

கேள்வி: சார், நாங்க ஃபைனல் இயர். ஆம்பு பேக்க (கையால அமுக்கி மூச்சு குடுக்குற பை) மோட்டார் வச்சு அமுக்குற வென்டிலேட்டர் செஞ்சு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு குடுக்கலாம்னு இருக்கோம், ஓகேவா?

பதில்: புராஜெக்டுக்கு ஓகே தம்பி, கிளினிக்குக்கு வேணாம். 2020ல உலகம் பூரா இதத்தான் செஞ்சாங்க. பைய அமுக்குறது ஈஸி, டியூப் கழண்டுடுச்சா, பிரஷர் ஏறுதா, நோயாளி தானா மூச்சு இழுக்குறாரான்னு பாத்து அலாரம் அடிக்க வைக்கிறதுலதான் முக்காவாசி வேலையே இருக்கு. அதுவும் போக, தொண்டைல டியூப் போட்ட ஆள ராத்திரி பூரா யாரு பாத்துக்குறது, அங்க இருக்குறது ஒரே ஒரு நர்ஸ். விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்குற ஆக்சிமீட்டர், காத்துலருந்து ஆக்சிஜன பிரிச்சு குடுக்குற கான்சென்ட்ரேட்டர், இன்ஹேலர் மருந்து நுரையீரலுக்குள்ள சரியா போக வைக்கிற ஸ்பேசர், இதுல ஒண்ண எடுங்க. போட்டோவுக்கு கெத்தா இருக்காது, தினமும் உதவும்.

கேள்வி: கான்சென்ட்ரேட்டர உள்ளூர் ஒர்க்‌ஷாப்ல செய்ய முடியுமா அண்ணா?

பதில்: பாதிக்கு மேல முடியும். காத்துல 78 சதவீதம் நைட்ரஜன். கம்ப்ரஸர் அந்த காத்த ஜியோலைட்டுங்குற நுண்துளை மணி நிரப்புன ரெண்டு குழாய்ல மாத்தி மாத்தி அனுப்பும், ஜியோலைட் நைட்ரஜன புடிச்சு வச்சுக்கும், ஆக்சிஜன் மட்டும் வெளிய வரும், பிரஷர இறக்குனா புடிச்சதயும் விட்டுடும். பாடி, டேங்க், வால்வ் கன்ட்ரோல் போர்டு எல்லாம் நீங்களே செய்ங்க, ஜியோலைட்டும் எண்ணெய் இல்லாத கம்ப்ரஸரும் வெளிய வாங்கிக்கோங்க. எண்ணெய் கம்ப்ரஸர் பக்கமே போகாதீங்க, செறிவான ஆக்சிஜனோட எண்ணெய் சேந்தா தீ புடிக்கும். அடுத்தது ஈரம். ஜியோலைட்டுக்கு நைட்ரஜன விட தண்ணி மேலதான் ஆச அதிகம், ஈரம் ஏறிட்டா மெஷின் அதே சத்தத்தோட ஓடும், ஓட்டம் காட்டுற ஃப்ளோ மீட்டர்ல உள்ள சின்ன உருண்டையும் மேல நிக்கும், வர்றது என்னமோ கிட்டத்தட்ட சாதா காத்துதான்! அதனால ஆக்சிஜன் சென்சார் இல்லாம வெளிய அனுப்பாதீங்க. உலக சுகாதார நிறுவனம் கேக்குறது குறைஞ்சது 82 சதவீதம், அதுக்கு கீழ போனா அலாரம் அடிக்கணும். நிமிஷத்துக்கு 5 லிட்டர் குடுக்குற மெஷினுக்கு 350 வாட் பக்கம் கரண்ட் வேணும், கரண்ட் போனா தாங்க பக்கத்துல ஒரு சிலிண்டரும் இருக்கணும்.

கேள்வி: தண்ணி பாட்டில்ல டியூப் விட்டு செய்யுற பபுள் சிபாப்?

பதில்: குழந்தை தானா மூச்சு விடும்போது நுரையீரல் சுருங்காம லேசான பிரஷர் குடுக்குறதுதான் சிபாப். டியூப் தண்ணில 5 செ.மீ. முங்கி இருந்தா பிரஷரும் 5 செ.மீ. தண்ணி அளவு, அவ்ளோ சிம்பிள். ஆப்பிரிக்க நாடான மலாவில பயன்படுத்துன புமானிங்குற பபுள் சிபாப் மெஷின் கூட மீன் தொட்டி பம்புல ஆரம்பிச்சதுதான். ஆனா குறைமாச குழந்தைக்கு காத்து கலக்காம சுத்த ஆக்சிஜன் குடுத்தா கண்ணு போயிடலாம், இது குழந்தை டாக்டர் இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கான சமாச்சாரம்.

கேள்வி: செலவே இல்லாம ஏதாச்சும்?

பதில்: ஸ்பேசர்! 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில், அடில இன்ஹேலர் வாய் இறுக்கமா போற அளவுக்கு ஓட்டை. ஆஸ்துமா குழந்தைங்களுக்கு கடை ஸ்பேசர் அளவுக்கே வேலை செய்யுதுன்னு 1999லயே தென்னாப்பிரிக்கால சோதிச்சு லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல போட்டாங்க. சோப்புத் தண்ணில கழுவி துடைக்காம காய விடுங்க, துடைச்சா ஸ்டேட்டிக் ஏறி மருந்து பாட்டில்லயே ஒட்டிக்கும்.

கேள்வி: 3டி பிரிண்ட் பார்ட்ஸ் போடலாமா?

பதில்: ஸ்டாண்டு, நாப் தாராளமா. மூச்சு காத்து போற பாதைல போடுறதா இருந்தா அந்த காத்துல கெடுதலான வாயுவோ துகளோ கலக்குதான்னு பாக்குற ஐஎஸ்ஓ 18562 டெஸ்ட் முடிச்சுட்டு வாங்க.

கேள்வி: எங்க கிளினிக்ல ஏற்கனவே ரெண்டு கான்சென்ட்ரேட்டர் மூலைல தூங்குது, என்ன பண்ண?

பதில்: முதல்ல பின்னாடி இருக்குற ஃபில்டர கழட்டி பாருங்கம்மா, தூசி அடைச்சிருந்தா கழுவி நல்லா காஞ்சதும் போட்டு ஓட்டி, ஆக்சிஜன் அளக்குற அனலைசர்ல எவ்ளோ சதவீதம் காட்டுதுன்னு சொல்லுங்க.