பாற்கடல் ஒளிர்வது ஏன்?

கேள்வி: 2019இல் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீல நிறத்தில் மின்னின. நடுக்கடலிலோ கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீர் பால்போல் ஒளிர்வதுண்டு என்கிறார்கள். இரண்டுக்கும் பாக்டீரியாதான் காரணமா? – வாசகர், தூத்துக்குடி.

பதில்: இல்லை. சென்னையில் மின்னியது நாக்டிலூகா என்னும் ஒருசெல் உயிரி. அது பாக்டீரியா அன்று. அலையோ காலோ பட்டு நீர் கலங்கும்போது மட்டும் பளிச்சிட்டு அடங்கிவிடும். பாற்கடல் அப்படியன்று, இரவெல்லாம் அணையாமல் ஒளிரும். 1985இல் அரபிக்கடலில் அத்தகைய நீரை எடுத்துச் சோதித்த ஆய்வுக்கப்பலினர், பாசித் துணுக்குகளின்மேல் விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியா ஒட்டியிருக்கக் கண்டனர்.

2019இல் ஜாவாவுக்குத் தெற்கே தோன்றிய பாற்கடல், தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு அளவுக்கு, அதாவது சுமார் 1,00,000 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்ததைச் செயற்கைக்கோள் படம்பிடித்தது. அதன் வழியே சென்ற பாய்மரப் படகினர் ஒரு வாளி நீரை மொண்டு பார்த்தபோது, அதில் சில ஒளிப்புள்ளிகள் நிலையாகத் தெரிந்தன. கலக்கியதும் அவை மங்கின. நாக்டிலூகாவுக்கு நேர் எதிரான இந்த நடத்தையே எனக்கு மிகவும் வியப்பளிப்பது.

லூசிஃபெரேஸ் என்னும் நொதி, ஆக்சிஜனின் துணையோடு சில வேதிப்பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்கையில் வெளிப்படும் ஆற்றலே நீலப்பச்சை ஒளியாகிறது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறம் பிரித்தறியாததால் அது வெண்மையாகத் தோன்றுகிறது.

ஒளிர்வதற்கு ஆற்றல் செலவாகும். பாக்டீரியா தனித்திருக்கையில் அச்செலவு வீண். ஆகவே ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. கூட்டம் பெருகி, சூழலில் அதன் செறிவு ஓர் அளவைத் தாண்டிய பிறகே ஒளிக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. ஆய்வகக் குடுவையில் வளர்த்த பாக்டீரியாக்களைக் கொண்டு இதனை 1970இல் நீல்சனும் ஹேஸ்டிங்ஸும் உடனுழைத்தவர்களும் கண்டறிந்தனர்.

ஒளியைக் கண்டு மீன் விழுங்கினால், உணவு நிறைந்த அதன் குடலில் குடியேறலாம் என்பதே பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் பயனாக இருக்கக்கூடும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஹவாய்த் தீவுகளின் சிறு கணவாய் ஒன்றிடம் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. தன் ஒளியுறுப்பில் அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற இனத்தை வளர்த்து, இரவில் அதன் ஒளியைக் கீழ்நோக்கிப் பரப்பி, நிலவொளியில் தன் நிழல் தெரியாதபடி மறைத்துக்கொள்கிறது. விடிந்ததும் அவற்றில் சுமார் 95 விழுக்காட்டை வெளியே தள்ளிவிடுகிறது. எஞ்சியவை, கணவாய் தரும் ஊட்டத்தில் பெருகி அந்திக்குள் மீண்டும் உறுப்பை நிரப்பிவிடுகின்றன.