கோணல் மூக்கு என்றொரு பெயர்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்தில், கால்வே நகரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இன்னும் சில வாரங்களில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. என்னோடு வேலை செய்யும் தோழியின் பெயர் நீவ். எழுதுவது என், ஐ, ஏ, எம், எச். அந்தப் பெயரையே வைக்கலாமா என்று நினைக்கிறேன். இணையத்தில் 'ஒளி' என்று பொருள் போட்டிருக்கிறார்கள். திருநெல்வேலியில் இருக்கும் மாமனார், "எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று, இதெல்லாம் ஒரு பேரா?" என்கிறார். எண்கணிதப்படியும் சரியில்லையாம். நீவ் என்பதைப் படிக்கிறபடியே ஆங்கிலத்தில் எழுதிவிடலாமா? இந்தக் கேலிக் பெயர்களுக்கு இணையத்தில் போடும் பொருளை நம்பலாமா? தமிழ்க் குழந்தைக்கு இப்படிப் பெயர் வைப்பது தமிழுக்குச் செய்யும் துரோகமா?

ஒரு வாசகி, கால்வே

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு பேரக்குழந்தைக்குப் பெயர் தேடும் படலம் நடந்துகொண்டிருந்தது. பட்டியல் மேல் பட்டியல். எல்லாப் பெயருக்கும் ஒளி, இளவரசி, சூரியனின் முதல் கதிர், இந்த மூன்றில் ஒன்றுதான் பொருள். வெண்டைக்காய் என்று ஒரு பெயரைக் கொடுத்தாலும் 'வடமொழியில் அதிகாலை ஒளி' என்று போட்டுவிடுவார்கள் போலிருக்கிறது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். எண்கணிதத்தை மாமனாரிடமே விட்டுவிடுங்கள். தமிழுக்குத் துரோகமா என்றால், இல்லை. தமிழ் அதைவிடப் பெரிய அடிகளையெல்லாம் தாங்கியிருக்கிறது. அப்புறம், கால்வேயில் இருந்துகொண்டு அந்த மொழியை 'கேலிக்' என்று சொல்லாதீர்கள். ஊர்க்காரர்கள் ஐரிஷ் என்பார்கள். கேலிக் என்றால் பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் இருக்கும் அதன் தங்கை மொழி.

எழுத்துக்கு வருவோம். இங்கே உங்களைக் கொஞ்சம் திட்டியாக வேண்டும். படிக்கிறபடியே எழுதிவிடலாமா என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள்! ஐரிஷ் மொழியின் பழைய நெடுங்கணக்கில் மொத்தம் 18 எழுத்துகள். 'வ' ஒலிக்கென்று தனி எழுத்து அதில் கிடையாது. அதனால் 'ம' ஒலிக்கான எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளி வைத்தால் ஒலி மெலிந்து 'வ' ஆகிவிடும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பழைய அச்செழுத்தைக் கைவிட்டு ரோமன் எழுத்துக்கு மாறியபோது, புள்ளி இருந்த இடத்தில் எச் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான் ரகசியம். 'ப' ஒலிக்கு அண்ணன் தம்பியான பி (b) என்ற எழுத்தோடு எச் சேர்ந்தாலும் இதே கதைதான். ஷிவான் என்ற பெயரின் நடுவில் இருக்கும் வகரம் அப்படி வந்தது. மாமனாரிடம் சொல்லுங்கள்: காகம், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ககரம்தான் இருக்கிறது, ஒலியோ மூன்று. அதை அவருக்கு யாராவது உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தார்களா? தன் மொழி என்பதால் சரளமாகப் படிக்கிறார். அவர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

அந்த எழுத்துக்காக அங்கே கோர்ட் வரை போயிருக்கிறார்கள். 1905இல் வடக்கே டோனகல் பகுதியைச் சேர்ந்த நியால் மாக் கில்லா வ்ரீஜே என்ற விவசாயி தன் வண்டியில் பெயரை ஐரிஷில் எழுதிவைத்திருந்தார். வண்டிக்காரன் தன் பெயரைப் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். ஐரிஷ் எழுத்து 'படிக்க முடியாத எழுத்து' என்று போலீஸ் வழக்குப் போட்டது. ஊரே படிக்கும் எழுத்து. படிக்க முடியாதது போலீஸுக்கு. டப்ளின் உயர் நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் பாட்ரிக் பியர்ஸ். தோற்றார்கள். வழக்கறிஞராக பியர்ஸ் வேறு வழக்கில் வாதாடவில்லை என்பார்கள். ஆங்கில ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் குடியரசுப் பிரகடனத்தை வாசித்து, மே 3ஆம் தேதி சுட்டுக்கொல்லப்பட்டாரே, அதே பியர்ஸ்தான்.

இது திடீரென்று வந்த சண்டையும் இல்லை. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஐரிஷ் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1366இலேயே கில்கென்னியில் சட்டம் போட்டார்கள். 1465இல் இன்னொன்று. டப்ளினைச் சுற்றியிருந்த ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். எப்படிப்பட்ட பெயர்? ஏதாவது ஊரின் பெயர், இல்லையென்றால் கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று ஒரு நிறம், இல்லையென்றால் கொல்லன், தச்சன் என்று ஒரு தொழில். பழைய எழுத்தோடு அந்தப் பெயர்கள் பிழைத்து வந்த வழி இது. அதைத்தான் நீங்கள் நாலு ஆங்கில எழுத்தில் சுருக்கப் பார்க்கிறீர்கள்.

இனி பொருள். நீவ் என்றால் ஒளி, பளபளப்பு. பட்டியல் சொல்வது சரிதான், இந்த முறை. ஆனால் உங்கள் தோழிக்கு அந்தப் பெயர் வைத்தபோது வீட்டில் யாரும் அகராதியைப் புரட்டியிருக்க மாட்டார்கள். பொன்முடி நீவ் வெள்ளைக் குதிரையில் கடல் மேல் வந்து ஓஷீன் என்ற வீரனை என்றும் இளமை மாறாத நாட்டுக்குக் கூட்டிப்போன கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் கொஞ்ச காலம் இருந்ததாக நினைத்துவிட்டுத் திரும்பினால் இங்கே 300 வருடம் ஓடிவிட்டிருக்கிறது. மண்ணில் காலை வைக்காதே என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்லைத் தூக்கத் திணறும் ஆட்களுக்குக் கைகொடுக்கக் குனிகிறான், சேணவார் அறுந்து விழுகிறான், விழுந்த இடத்தில் தொண்டு கிழவன். நீவ் என்றதும் அவர்களுக்கு ஞாபகம் வருவது அந்தக் குதிரைதான்.

பொருள் பார்த்துத்தான் பெயர் வைப்பேன் என்கிறவர்களுக்கு ஸ்காட்லாந்திலிருந்து இரண்டு பெயர்கள் தருகிறேன். கேமரன் என்றால் கோணல் மூக்கு. கேம்ப்பெல் என்றால் கோணல் வாய். இரண்டும் பெரிய குலங்களின் பெயர்கள். முதல் பெயரை இன்று அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு ஆசையாக வைக்கிறார்கள். அயர்லாந்திலிருந்து ஒன்று வேண்டுமா? கென்னடி. அவலட்சணமான தலை என்பார் சிலர், தலைக்கவசம் போட்ட தலை என்பார் சிலர். 1014இல் க்ளான்டார்ஃப் போரில் இறந்த பெருமன்னன் பிரையன் போருவின் அப்பாவுக்கே அதுதான் பெயர். அவரை யாரும் மண்டையைப் பார்த்துச் சிரித்ததாகத் தெரியவில்லை.

'தூய ஐரிஷ் பெயர்' என்று பட்டியல்காரர்கள் முதல் வரியில் போடும் ஷான், ஷிவான், ஷினேட் எல்லாம் 12ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த, பிரெஞ்சு பேசிய நார்மன்கள் கொண்டுவந்தவை. ஜான் என்பதன் பிரெஞ்சு உருவங்கள் ஐரிஷ் வாயில் நுழைந்து வெளியே வந்தவை. சீர்ஷா என்றால் விடுதலை. விடுதலைப் போருக்குப் பிறகுதான் அது பெயரானது. உள்ளூர்ப் புனிதர் பாட்ரிக்கின் பெயரையோ பல நூற்றாண்டுகள் அப்படியே குழந்தைக்கு வைக்கத் துணியவில்லை. பாட்ரிக்கின் அடியான் என்றுதான் வைத்தார்கள். உங்கள் வார்டில் ஃபிட்ஸ்பாட்ரிக் என்று யாராவது படுத்திருந்தால் அவருடைய முப்பாட்டன் அந்த அடியான்தான். ஏசுவின் தாய்க்கு முயிரெ என்று ஒரு வடிவம், மற்ற மேரிகளுக்கெல்லாம் மாய்ரெ என்று வேறு வடிவம். அந்த வண்டிக்காரர் பெயரும் இப்படித்தான்: பிரிஜிட் என்ற புனித அம்மையின் அடியான் மகன். இதில் எங்கே போய் ஒளியைத் தேடுவீர்கள்?

என் பெரியம்மா பெயர் பிச்சம்மாள். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இவர் பிறந்ததும் முறத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கி, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். படித்த மருமகன் ஒருவர் ரேஷன் அட்டை புதுப்பிக்கும்போது, "பேரை நல்லதா மாத்திடலாம் அத்தை" என்றார். பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எமன் வந்து எட்டிப் பாத்துட்டு, பிச்சைக்காரிதானேன்னு போயிட்டான். இப்ப நீ பேரை மாத்தி அவனுக்குத் தாக்கல் சொல்லப் போறியா?" எழுபதைத் தாண்டித்தான் போனார். பிச்சம்மாள் என்பதற்கு எந்த இணையதளத்தில் பொருள் போடுவார்கள்? போட்டால் 'ஒளி' என்று போடுவார்கள்.

ஹேமிஷ் என்று ஒரு ஸ்காட்டியப் பெயர் உண்டு. உண்மையில் அந்த ஆளின் பெயர் ஷேமஸ். கூப்பிடும்போது 'அ ஹேமிஷ்' ஆகும், நாம் முருகனை முருகா என்று கூப்பிடுவதுபோல. வெளியூர்க்காரர்கள் காதில் விழுந்ததெல்லாம் வாசலில் நின்று கூப்பிட்ட குரல்தான். அதையே பெயராக்கிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேலிக் பெயர் அதுதான். உங்கள் மாமியார் எப்படியும் ஒரு உகரத்தைச் சேர்த்து 'நீவு' என்றுதான் கூப்பிடப்போகிறார். கூப்பிடட்டும், தலைக்கு எண்ணெய் வைத்து நீவிக்கொண்டே கூப்பிட வசதியான பெயர்.

நீங்கள் கேட்டதில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. பதிவு அலுவலகத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஐரிஷில் உயிரெழுத்தின் தலையில் விழும் சாய்ந்த கோட்டுக்கு ஃபாடா என்று பெயர், நம் நெடில் மாதிரி. அந்தக் கோட்டை விட்டுவிட்டால் ஷான் என்ற பெயர் 'பழைய' என்ற சொல்லாகிவிடும். நீவ் பெயரில் அந்தக் கோடே கிடையாது. யாராவது அழகுக்காக ஒன்றைப் போட்டுக் கொடுத்தால், அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.