மர ஆலை மூடினால் ஊரே எப்படிக் காணாமல் போகும்? அமெரிக்காவின் வால்செட்ஸ் ஊருக்கு என்ன நடந்தது?

வீடு, கடை, தெரு, நிலம் எல்லாமே ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கும் ஊரைக் ‘கம்பெனி ஊர்’ என்பார்கள். ஒரிகன் மாநிலத்து மலைக்காட்டில் 1919 வாக்கில் உருவான வால்செட்ஸ் அப்படிப்பட்டது.

காட்டுக்கு நடுவே மரம் அறுக்க ஆள் வேண்டும். தினமும் போய்வர வழியில்லை. ஆகவே ஆலைக்காரர்களே வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். சரக்கு போக ரயில் பாதையும் இருந்தது. ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டும் இடம்! 1937-இல் டோரதி ஆன் ஹாப்சன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி இங்கிருந்து ‘வால்செட்ஸ் ஸ்டார்’ என்று பத்திரிகை நடத்தி, நாடு முழுக்கப் பேசவைத்தாள். அந்த ஊரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

பிறகு ஊர் பாய்ஸி கேஸ்கேட் என்ற மர நிறுவனத்தின் கைக்குப் போனது. 1984-இல் ஆலையை மூடினார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர் வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பித் தருவது போலத்தான். இங்கே ஊர் மொத்தமும் சாவியைக் கொடுத்தது. யாருக்கும் சொந்த மனை இல்லாததால், தங்கி வேறு பிழைப்புப் பார்க்க வழியில்லை. கட்டடங்களை இடித்தும் எரித்தும் அகற்றி, நிலத்தை மரம் வளர்க்க விட்டுவிட்டார்கள்.

இதைப் ‘பேய் ஊர்’ (ஆளில்லாமல் கைவிடப்பட்ட ஊர்) என்று நினைத்துப் பாழடைந்த வீடுகளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. வால்செட்ஸில் பாழடைய வீடே மிச்சமில்லை.