கடல் இல்லாத ஊரில் பவளப்பாறைக் கேள்விகள்

மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் மீன்வளப் பணியில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு, ஏற்காடு அடிவாரத்தில் குடியேறியவன் நான். மன்னார் வளைகுடா பற்றிக் கேட்கலாம் என்றேன். சேலத்துக்காரர்கள் இவ்வளவு கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

அஸ்தம்பட்டி ஆசிரியர்: பாடப் புத்தகத்தில் 21 தீவுகள். சிலர் 19 என்கிறார்களே?

இரண்டும் சரி. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளக் கல்லைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டியதே முக்கியக் காரணம். நம் ஊரில் வெள்ளைக்கல் வெட்டினால் பள்ளம் விழுகிறது, ஊர் நிற்கிறது. அங்கே அலையைத் தாங்குவதே அந்தக் கல்தான். கல் போனால் மணல் போகும், மணலோடு தீவும் போகும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது.

ஓமலூர் வாசகர்: பவள மோதிரத்துக்கான கல் அங்கிருந்தா வருகிறது?

இல்லை. நகைக்குப் பேர்போன செம்பவளம் மத்தியதரைக் கடலில் கிடைப்பது. மன்னார் வளைகுடாவில் இருப்பது கல்பவளம். 2001 முதல் அதற்குப் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு. ராமேஸ்வரம் போகும்போது யாராவது வெள்ளைப் பவளத் துண்டை நீட்டினால் வாங்காதீர்கள்.

ஆத்தூர் கல்லூரி மாணவி: மக்களே பாதுகாப்பது என்கிறார்களே, நடைமுறையில் அது எப்படி?

பாம்பன் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைச் சொல்கிறேன். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, துடுப்புக்குப் பதிலாகத் தட்டுகளைக் காலில் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்குவார்கள். ஜெல்லியைக் கெட்டியாக்கும் அகர் எடுக்கும் பாசிக்கு அவர்கள் வைத்த பெயர் மரிக்கொழுந்து. நமக்கு அது பூக்கடையில் மணப்பது, அவர்களுக்குப் பாறையில் ஒட்டியிருப்பது. பாசி குறைவதைக் கண்ட அவர்களே பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையால் பறிப்பது என்று முடிவு செய்தார்கள். சுரண்டினால் பாறையும் பெயரும், பாசியின் அடியும் போகும். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது இதற்காகத்தான்.

ஏற்காட்டுத் தோட்டக்காரர்: கேட்க நன்றாக இருக்கிறது. ஆளை உள்ளே விட்டால் சோலை மிஞ்சாது என்பதை மலையில் தினமும் பார்க்கிறேன். பூட்டுவதுதான் வழி.

பூட்டு ஏற்கெனவே இருக்கிறது ஐயா. 560 சதுர கிலோமீட்டருக்கு எத்தனை காவலர்களை நிறுத்துவீர்கள்? எல்லை போட்டபோது, பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த இடமும் உள்ளே போய்விட்டது. நேற்றுவரை தொழிலாளி, மறுநாள் திருடி. திருடி என்று பெயர் வாங்கியவர் எதைக் காப்பார்?

மீண்டும் அவரே: பவளக் கல்லை வெட்டியதும் அந்த ஊர் மக்கள்தானே?

சரியான இடத்தில் அடித்துவிட்டீர்கள். ஆமாம், அவர்களும்தான் வெட்டினார்கள், கூலிக்கு. லாபம் சுண்ணாம்புச் சூளைக்காரருக்குப் போனது. நான் விட்டால் அடுத்தவன் வெட்டுவான் என்ற நிலையில் யாரும் கையை எடுக்க மாட்டார்கள். சட்டம் வந்த பிறகும் அது நிற்கச் சில ஆண்டுகள் பிடித்தன. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸின் அப்போ தீவில் 1982இல் ஊரார் பாறையின் ஒரு பகுதியைத் தாங்களே மூடினார்கள். உள்ளே பெருகிய மீன் வெளியே வந்து அவர்கள் வலையிலேயே விழுந்தது. மூடியவரும் பலன் பெற்றவரும் ஒருவரே என்பதால் பூட்டு நிலைத்தது.

மூன்றாம் முறையாக அவரே: கடல் சூடாவதை ஊர்க்கூட்டம் தடுக்குமா?

தடுக்காது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் கடல் சூட்டால் பவளம் வெளுத்ததற்கு எந்த மீனவரும் காரணமில்லை. வெளுத்த பாறையைப் பாசி மூடாமல் மேய்வதற்கு மீன் மிஞ்சியிருக்க வேண்டும். அதை ஊர் செய்ய முடியும். உங்களுக்கே பாதி நேரம் போய்விட்டது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சூரமங்கலம் இல்லத்தரசி: கடல் மீனில் எதை வாங்கலாம்? தடைக்காலத்திலும் இங்கே மீன் வருகிறதே?

சூரை வாங்குங்கள். லட்சத்தீவில் அதைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள், வலை பாறையை உரசுவதில்லை. கிளி மூக்கு போன்ற வாயுள்ள நீல, பச்சை மீனை விட்டுவிடுங்கள், மேலே சொன்ன மேய்ச்சல்காரர் அதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு, நாட்டுப்படகுகள் போகும். மேற்குக் கடற்கரைத் தடை ஜூனில்தான் தொடங்கும்.

மேட்டூர் வாசகர்: அணையில் சிறு கண்ணி வலை போடுகிறார்கள்.

நன்னீர் என் துறை இல்லை. உங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: பவள மோதிரம் அசலா என்று எப்படி...

நகைக் கடையில்.

அம்மாபேட்டை வாசகர்: ராமேஸ்வரத்தில் உறவினர் ஒரு வெள்ளைப் பவளத் துண்டு தந்தார். மீன் தொட்டியில் போடலாமா?

இரண்டாவது பதிலைப் படித்துவிட்டு வாருங்கள். தொட்டிக்குக் கூழாங்கல் போதும்.