காரின் யூ.எஸ்.பி துளையும் கைபேசியின் பற்றரியும்

சாவகச்சேரி வாசகர் ஒருவர் கேட்கிறார்: கொழும்புப் பயணத்தின்போது வழிகாட்டும் வரைபடத்துக்காகக் கைபேசியைக் காரின் வானொலிக்குக் கீழுள்ள யூ.எஸ்.பி துளையில் செருகியே வைத்திருந்தும் பற்றரி இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் மலிவு விலையில் வாங்கிய, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜரோ கை வைக்க முடியாதபடி சுடுகிறது. இவற்றால் கைபேசி பழுதாகுமா?

அந்த யூ.எஸ்.பி துளையால் கேடு எதுவும் இல்லை. அதற்கு வலு போதாது, அவ்வளவுதான். பழைய கார்களில் அது பென் டிரைவில் பாட்டுக் கேட்பதற்கென வைக்கப்பட்டது. யூ.எஸ்.பி 2.0 நியமப்படி அதில் கிடைப்பது 5 வோல்ற்றில் 0.5 அம்பியர், அதாவது 2.5 வாற்று. 5000 மில்லியம்பியர் மணி பற்றரியை இந்த வலுவில் நிரப்ப, திரையை அணைத்து வைத்தாலும் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. அதற்குள் ஏ9 வீதியால் கொழும்புக்கே போய்விடலாம். திரை வெளிச்சமும் ஜி.பி.எஸ்ஸும் இணையமும் சேர்ந்து வருவதை எல்லாம் தின்றுவிடுகின்றன.

சுடுகிற சார்ஜரை இன்றே கழற்றிவிடுங்கள். இயந்திரம் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ற்றாக இருக்கும் காரின் மின்சாரத்தை 5 வோல்ற்றுக்கு இறக்குவதே அதன் வேலை என்பதால் நல்ல சார்ஜரும் இளஞ்சூடாகத்தான் இருக்கும். ஆனால் விரல் பொறுக்காத சூடும் பிளாஸ்டிக் கருகும் மணமும் வேறு கதை. காப்புச் சுற்று இல்லாத மலிவுச் சார்ஜரின் உட்பாகம் பழுதுபட்டால் அந்த 14 வோல்ற்றும் நேரே கைபேசிக்குப் போகக்கூடும்.

அம்பியர் கூடிய சார்ஜர் கைபேசியை எரித்துவிடும் என்று பலர் அஞ்சுவது வீண். கைபேசி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தையே இழுக்கும்; 9 வோல்ற்றுத் தரும் விரைவுச் சார்ஜரும் 5 வோல்ற்றில் தொடங்கி, கைபேசி கேட்ட பின்னரே உயர்த்தும். வாங்கும்போது ஒவ்வொரு துளைக்கும் வோல்ற்றும் அம்பியரும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு துளைகளுக்கும் பொதுவாக 3.1 அம்பியர் என்று மட்டும் இருந்தால், இரண்டையும் பாவிக்கும்போது அது பங்கிடப்படும். வயர் குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பது நல்லது.

சார்ஜரைவிட வெயிலே பற்றரிக்குக் கூடிய கேடு செய்கிறது. ஐபோனை 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் பாவிக்க வேண்டாம் என்கிறது ஆப்பிள் நிறுவனம். சித்திரை வெயிலில் கண்ணாடிக்குக் கீழே அது எம்மாத்திரம்! கைபேசித் தாங்கியை ஏசி காற்று வரும் வாய்க்கு முன்னே பொருத்துங்கள்.

வெளிநாட்டு உறவினர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்வரை வீட்டில் நிற்கும் கார் என்றால், சார்ஜரைச் செருகியபடி விடவேண்டாம். சில கார்களில் சாவியை எடுத்த பின்னும் அந்தத் துளையில் மின்சாரம் இருக்கும். மடிக்கணினிக்கு, காரின் மின்சாரத்தை வீட்டு மின்சாரம்போல் மாற்றும் இன்வேர்ட்டர் தேவையில்லை, அது யூ.எஸ்.பி-சி வழியே மின்னேறும் வகையாயின் 65 வாற்றுக் கார் சார்ஜரே பெரும்பாலும் போதும். துளையின் உருகி (பியூஸ்) எரிந்தால் அதே அம்பியர் அளவுள்ள உருகியையே போடுங்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்தால் அடுத்த முறை எரிவது உள்ளே ஓடும் வயராக இருக்கும்.